வட கரோலினாவின் பழைய கவுன்டி நீதிமன்ற ஆவணங்களில் ஒரு குடும்பத்தைத் தேடுவது எப்படி?

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், பைன் மரங்களுக்கு நடுவே, துருப்பிடித்த வேலிக்குள் ஏழு கல்லறைக் கற்கள் நிற்கின்றன. ஆறில் எழுத்தே கிடையாது. வயலில் கிடந்த கல்லைத் தூக்கி நட்டது போல இருக்கும். ஏழாவதில் மட்டும் ஒரு பெண்ணின் பெயரும், இறந்த ஆண்டு 1851, வயது 17 என்பதும் தெரிகின்றன. வேக் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) வீடு வாங்கிக் குடிவந்த முதல் வருடமே, இது யார் என்று கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

நான்கு மாதம் அந்தப் பெண்ணின் பெயரையே தேடினேன். 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே ஒரு வரி கிடைத்தது. அதைத் தாண்டி எதுவும் இல்லை. அவளைப் பற்றிய காகிதங்கள் ஐம்பதுக்கு மேல் இருந்தன என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் ஒன்றுகூட அவள் பெயரில் இல்லை. பாதி அவள் அப்பா பெயரில், மீதி, அவள் சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமித்த கார்டியன் பெயரில். அந்த நான்கு மாதம் உங்களுக்கும் வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேடும்போது எஸ்டேட் என்ற சொல் அடிக்கடி வரும். வால்பாறையையும் தேயிலையையும் மறந்துவிடுங்கள். இங்கே அதற்கு இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்தும் கடனும் என்று பொருள். நான் சொல்வதெல்லாம் வட கரோலினாவுக்கு, அதிலும் 1868-க்கு முந்தைய காலத்துக்கு. மற்ற மாநிலங்களில் நீதிமன்றத்தின் பெயரே வேறு. பென்சில்வேனியாவிலும் மேரிலாந்திலும் ‘அனாதைகள் நீதிமன்றம்’ என்பார்கள், நியூயார்க்கில் ‘சரகேட் நீதிமன்றம்’. காகிதங்களின் வகை ஏறக்குறைய ஒன்றுதான்.

1. முதலில் கவுன்டியை உறுதி செய்யுங்கள்

வட கரோலினாவில் இன்று 100 கவுன்டிகள் உள்ளன. அன்றைக்கு இத்தனை இல்லை. வேக் கவுன்டி 1771-இல் உருவானது. டர்ஹம் 1881-இல்தான் ஆரஞ்சு, வேக் கவுன்டிகளிலிருந்து பிரிந்தது. லீ கவுன்டி 1907-இல் பிறந்தது. ஆகவே இன்று டர்ஹமில் இருக்கும் நிலத்துக்கு 1840-இல் வழக்கு நடந்திருந்தால், காகிதம் ஆரஞ்சு அல்லது வேக் பெயரில்தான் இருக்கும். நம்மூரில் பழைய தென் ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டப் பத்திரங்களைத் தேடியவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: அந்தக் கவுன்டியின் நீதிமன்றம் எப்போதாவது எரிந்திருக்கிறதா? ஹெர்ட்ஃபோர்ட் கவுன்டியில் 1830-லும் 1862-லும் தீயில் ஆவணங்கள் போயின. அப்படிப்பட்ட கவுன்டி என்றால் அண்டைக் கவுன்டிகளையும் அந்தக் காலச் செய்தித்தாள்களையும்தான் நம்ப வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

2. இறந்த காலத்தைக் குறுக்குங்கள்

அன்றைய கவுன்டி நீதிமன்றம் வருடத்துக்கு நான்கு முறைதான் கூடும். ஒருவர் இறந்தால், பெரும்பாலும் அடுத்த அமர்வில் பெயர் மேலே வரும். எந்த வருடம், எந்தப் பருவம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தேதி தெரியவில்லையா? கணக்கெடுப்பைப் பாருங்கள். 1840 வரை வீட்டுத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதினார்கள். 1850 முதல்தான் சுதந்திர மனிதர்கள் எல்லோருடைய பெயரும் வருகிறது. ஒரு கணக்கெடுப்பில் இருந்து அடுத்ததில் காணாமல் போனவர் இடையில் இறந்திருக்கலாம், டென்னசிக்கோ அலபாமாவுக்கோ குடிபெயர்ந்தும் இருக்கலாம். வரி கட்டியவர் பட்டியலில் அவர் பெயர் நின்றுபோய், அதற்குப் பதிலாக மனைவி பெயரோ ‘இன்னாரின் வாரிசுகள்’ என்றோ வந்தால், சந்தேகமே வேண்டாம், ஆள் போய்விட்டார். என் விஷயத்தில் அப்பா 1839-இல் இறந்திருக்கிறார், பெண்ணுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது.

3. யார் பெயரில் தேடுவது

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். தேட வேண்டிய பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் இறந்த தகப்பன் பெயர். சொத்துக் கோப்புகள் எல்லாம் இறந்தவர் பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கும். பிள்ளைகளின் கார்டியன் காகிதங்களும் பல சமயம் அதே உறைக்குள் கிடக்கும்.

அடுத்து கார்டியன் பெயர். தாய்மாமன், சித்தப்பா, பக்கத்துப் பண்ணைக்காரர், தாயின் இரண்டாவது கணவர், யார் வேண்டுமானாலும் இருக்கலாம். தாய் மறுமணம் செய்தால் குடும்பப் பெயர் மாறிவிடும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மகள்களின் கணவர்கள். பெண்ணின் பங்குக்கு அன்று கணவர்தான் கையெழுத்திட்டு ரசீது கொடுப்பார். மகள் யாரைக் கட்டிக்கொண்டாள் என்பதற்கு வேறு சான்றே இல்லாத குடும்பங்களில் இந்த ரசீதுதான் திருமணப் பத்திரம்.

மூன்று சொற்கள் எல்லோரையும் ஏமாற்றும். ‘ஆர்ஃபன்’ என்று எழுதியிருந்தால் தாய் தந்தை இருவரும் இல்லை என்று நினைக்காதீர்கள். தகப்பன் இறந்திருந்தாலே அந்தச் சொல்தான். தாய் அதே வீட்டில் உயிரோடு இருப்பார். ‘இன்ஃபன்ட்’ என்றால் கைக்குழந்தை அல்ல, 21 வயது நிறையாத யாரும் அதில் அடங்குவார்கள். மீசை வைத்த இருபது வயதுக்காரனும் நீதிமன்றத்துக்கு இன்ஃபன்ட்தான். பெயருக்குப் பின்னால் சீனியர், ஜூனியர் என்று இருந்தால் அப்பா, மகன் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவர், இளையவர் என்று பிரித்துச் சொல்ல அப்படி எழுதுவார்கள். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொன்று. சொத்து உள்ள பிள்ளைக்குத்தான் கார்டியன். சொத்தில்லாத பிள்ளையைத் தொழில் பழகச் சொல்லி நீதிமன்றம் ஒருவரிடம் ஒப்படைத்துவிடும். அதற்குத் தனி ஒப்பந்தப் பத்திரம் உண்டு. கார்டியன் ஆவணத்தில் இல்லையென்றால் அந்தப் பத்திரங்களைப் புரட்டுங்கள்.

4. வீட்டிலிருந்தே, காசில்லாமல்

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். அதில் ‘வட கரோலினா எஸ்டேட் கோப்புகள், 1663–1979’ என்ற தொகுப்பு இருக்கிறது. கவுன்டி, பிறகு பெயர் என்று திறந்துகொண்டே போகலாம். அன்செஸ்ட்ரி தளத்தில் உயில்களும் பதிவேடுகளும் உள்ள தொகுப்பு தனியாக உண்டு. அதற்குச் சந்தா வேண்டும். உடனே பணம் கட்டாதீர்கள். பல பொது நூலகங்களில் அதன் நூலகப் பதிப்பைச் சும்மா பார்க்கலாம். ஃபேமிலிசர்ச்சிலும் சில படங்களுக்குப் பூட்டுப் படம் தெரியும். அவற்றை அதனோடு இணைந்த நூலகத்துக்குப் போய்த் திறக்க வேண்டும். எனவே மடிக்கணினியும் நூலக அட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை நூலகத்திலேயே உட்காருவது நல்லது.

ஃபேமிலிசர்ச்சில் முழு உரைத் தேடல் என்ற வசதி அண்மையில் வந்திருக்கிறது. கையெழுத்தைக் கணினியே படித்து, நடுப்பக்கத்தில் ஒளிந்திருக்கும் பெயரையும் எடுத்துக் கொடுக்கும். எனக்குக் கார்டியன் யார் என்று காட்டிக்கொடுத்தது இதுதான். ஆனால் அது பெயர்களைத் தப்பாகப் படிக்கும், குறிப்பாக முதல் எழுத்தை. பழைய ஆங்கிலக் கையெழுத்தில் இரட்டை ‘எஸ்’ வரும்போது முதலாவது ‘எஃப்’ மாதிரி நீண்டு நிற்கும். எனவே குடும்பப் பெயரை மூன்று நான்கு விதமாக எழுதிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

தேடலில் வராதபோது கடைசி வழி, நீதிமன்றத்தின் நடவடிக்கைப் பதிவேடு. பெயர் அகராதி இருக்காது. ஆனால் அமர்வு வாரியாக இருக்கும். இரண்டாம் படியில் குறுக்கிவைத்த பருவத்தைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்டினால் ஒரு மாலை நேரத்தில் முடியும்.

5. உறைக்குள் இருப்பதை வரிசைப்படுத்துங்கள்

உறையைத் திறந்தால் தலை கால் புரியாது. காகிதங்கள் தேதி வரிசையில் இருக்காது. எல்லாவற்றையும் மூன்றாக மடித்து வைத்திருந்த காலம் அது. மடிப்பின் வெளிப்பக்கத்தில் குமாஸ்தா இது என்ன காகிதம், எந்த அமர்வு என்று இரண்டு வரி எழுதியிருப்பார். அந்தப் பின்பக்கப் படங்களை முதலில் பார்த்து ஒரு பட்டியல் போடுங்கள். முன்பக்கத்தைப் படிக்க முயன்று கண்ணைக் கெடுத்துக்கொண்டது என் முட்டாள்தனம்.

நடந்த வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். உயில் இருந்தால் அதை நிறைவேற்றுபவருக்கு உத்தரவு. உயில் இல்லையென்றால் நிர்வாகி நியமனம். பிறகு அவருடைய ஜாமீன் பத்திரம். அதில் வரும் தொகையைச் சொத்து மதிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கு எழுதுவது வழக்கம். ஜாமீன் நின்றவர்களின் பெயரைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஊர் பேர் தெரியாதவனுக்கு யாரும் ஜாமீன் நிற்க மாட்டார்கள், பெரும்பாலும் மச்சானாகவோ மாமனாராகவோ இருப்பார்.

அடுத்து சொத்துப் பட்டியல், அப்புறம் ஏலக் கணக்கு. கலப்பை, பன்றி, இறகு மெத்தை, நூற்கும் ராட்டை என்று ஒவ்வொன்றாக விலையோடு, வாங்கியவர் பெயரோடு இருக்கும். நான் பார்த்த ஏலத்தில் முதல் பத்து வரியில் வாங்கியவர் அந்த விதவையே. சொந்தச் சமையல் பாத்திரத்தையும் சொந்தக் கட்டிலையும் காசு கொடுத்து ஏலம் எடுத்திருக்கிறார். சட்டம் அவருக்கு ஒரு வருடத்துச் சாப்பாட்டுச் செலவையும், நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையையும் கொடுத்தது. வீட்டிலிருந்த சாமான் மட்டும் ஏலத்துக்குப் போனது. மனைவியிடம் சொன்னபோது, “நம்ம வீட்டு கிரைண்டரை நானே ஏலத்தில் எடுக்கணுமா?” என்று கேட்டாள்.

கடைசியாகப் பாகப்பிரிவினை மனுவும் ரசீதுகளும். மனுவில் வாரிசுகள் எல்லோரையும் பெயர் சொல்லி, யார் மைனர், யார் வெளிமாநிலத்தில் என்று எழுதியிருப்பார்கள். ஒரே ஒரு காகிதம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். நிலத்தைப் பிரித்த வரைபடமும் கூடவே இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

வேக் போன்ற கவுன்டிகளில் உயில், சொத்துப் பட்டியல், கணக்குத் தீர்வு எல்லாவற்றையும் குமாஸ்தா பெரிய பதிவேட்டிலும் படி எடுத்திருப்பார். அது படிக்கச் சுலபம். ஆனால் அசல் கையெழுத்தும் கைநாட்டும் உதிரிக் காகிதத்தில்தான் இருக்கும். இரண்டையும் ஒப்பிடுங்கள், படி எடுக்கும்போது ஒரு பெயர் விட்டுப்போயிருக்கலாம்.

6. கார்டியன் கணக்கு: நிதானமாகப் படிக்க வேண்டியது

தகப்பனின் சொத்து தீர்ந்ததோடு கோப்பு முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். பிள்ளைகளின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கடைசிப் பிள்ளைக்கு 21 ஆகும் வரை கணக்கு ஓடும். பதினைந்து இருபது வருடம்கூடப் போகும்.

கார்டியன் முதலில் ஜாமீன் பத்திரம் கொடுப்பார். பிறகு வருடா வருடம் நீதிமன்றத்தில் வரவு செலவு ஒப்படைப்பார். வரவில் நிலக் குத்தகை, கடன் கொடுத்த பணத்துக்கு வட்டி. செலவில் சாப்பாடு, தங்கல், பள்ளிக்கூடம், ஒரு ஜோடி காலணி, துணி, வைத்தியர், வரி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கும். எந்த வருடம் படிப்புச் செலவு நின்றது, எந்த வருடம் துணியின் விலை ஏறியது என்று பார்த்துக்கொண்டே வந்தால் பிள்ளை வளர்வது தெரியும். கணக்கு திடீரென்று நின்றால் மூன்றில் ஒன்று: வயது நிறைந்தது, பெண்ணுக்குத் திருமணம் ஆனது, அல்லது இறப்பு. நான் தேடிய பெண்ணின் கணக்கில் 1851-இல் வைத்தியர் செலவு மூன்று முறை வருகிறது. நான்காவது வரி சவப்பெட்டி.

கார்டியன் நடுவில் மாறினால் பயப்படாதீர்கள். பதினான்கு வயதான பிள்ளை தன் கார்டியனைத் தானே தேர்ந்தெடுக்கலாம். பழையவர் இறந்திருக்கலாம், ஜாமீன் நின்றவர் பயந்து விலகியிருக்கலாம். புதுப் பெயரில் மறுபடி மூன்றாம் படியிலிருந்து தேடுங்கள். ஒரே ஒரு வழக்குக்காக மட்டும் மைனர் சார்பில் நியமிக்கப்படும் கார்டியனும் உண்டு. அவர் வேறு, சொத்தைப் பார்த்துக்கொள்ளும் கார்டியன் வேறு. அவர் பெயரில் வருடக் கணக்கு தேடினால் கிடைக்காது.

7. அந்தப் பட்டியல்களில் மனிதர்களும் இருப்பார்கள்

சொத்துப் பட்டியலில் பசுவுக்கும் வண்டிக்கும் இடையே மனிதர்களின் பெயர் வரும், பக்கத்தில் விலையோடு. முதல் முறை பார்த்தபோது திரையை மூடிவிட்டு எழுந்து போனேன். இதைத் தாண்டிப் போகாதீர்கள், குறித்துவையுங்கள்.

காரணம் இதுதான். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கு உரிமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டுமே எழுதினார்கள். கறுப்பின மக்களில் பெரும்பாலோருக்குக் கணக்கெடுப்பில் பெயர் கிடைத்ததே 1870-இல்தான். அதற்கு முன்னால் அவர்கள் குடும்பத்தைத் தேடுபவர்களுக்குப் பெயர் கிடைக்கும் இடம் இந்தக் காகிதங்கள்தான்.

கார்டியன் கணக்கில் இது வருடா வருடம் வரும். மைனர் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய அடிமைகளைக் கார்டியன் பெரும்பாலும் ஜனவரி முதல் நாள் ஒரு வருடத்துக்கு வாடகைக்கு விடுவார். இன்னாரை இன்னார் எடுத்தார், இவ்வளவு டாலர் என்று வரி வரியாக இருக்கும். கைக்குழந்தைகளோடு இருக்கும் தாய்க்கு வாடகை வராது. குறைந்த செலவில் யார் வைத்துக்கொள்வார் என்று ஏலம் விட்டு, கார்டியனே எதிர்ப்பக்கம் பணம் கொடுப்பார். அந்த வரிகளில்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு தெரியவரும். நான் தேடிய பெண்ணின் புத்தகச் செலவும் காலணிச் செலவும் எந்த வரவிலிருந்து போயின என்று கூட்டிப் பார்த்தேன். பெரும்பங்கு இந்த வாடகைதான்.

தகப்பனின் பாகப்பிரிவினையில் பதினோரு பெயர்கள் இருந்தன. வயது சிலருக்கு உண்டு, குடும்பப் பெயர் யாருக்கும் இல்லை. எழுத்தில்லாத ஆறு கற்களும் அவர்களுடையவையா என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. பெயர்களை மட்டும் வருட வாரியாக ஒரு அட்டவணையில் எழுதிவைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், உங்கள் தேடல் வேறு எதற்காக இருந்தாலும். வேக் கவுன்டிப் பத்திரப் பதிவு அலுவலகம் ஷா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பழைய நிலப் பத்திரங்களில் உள்ள இத்தகைய பெயர்களைத் தொகுத்திருக்கிறது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்போரோ வளாகமும் அமெரிக்க அடிமை முறை பற்றிய மின்னூலகம் ஒன்றை நடத்துகிறது. உங்களுக்குக் கிடைத்த பெயரை இரண்டிலும் தேடிப் பாருங்கள்.

8. ராலேக்குப் போவதாக இருந்தால்

இணையத்தில் வராத காகிதங்கள் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கும். ராலே நகரில், கிழக்கு ஜோன்ஸ் தெரு 109. கிளம்பும் முன் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் அவர்களுடைய தளத்தில் பாருங்கள். அலுவலக நாள் என்று நாம் நினைக்கும் நாளெல்லாம் படிப்பறை திறந்திருக்காது.

புகைப்படம் உள்ள அடையாள அட்டை வேண்டும். பேனாவும் பையும் உள்ளே கூடாது, பென்சில்தான். பெட்டியின் எண்ணை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். கவுன்டி ஆவணங்களின் எண் ‘சி.ஆர்.’ என்று தொடங்கும். அடுத்து கவுன்டிக்கான மூன்று இலக்கம். அடுத்த மூன்று இலக்கம் ஆவண வகை: சொத்துக் கோப்பு என்றால் 508, உயில் என்றால் 801. இந்த எண்ணோடு போனால் ஊழியர்கள் நிமிடத்தில் பெட்டியைக் கொண்டுவருகிறார்கள். “என் வீட்டுக்குப் பின்னால் ஒரு கல்லறை...” என்று தொடங்கினால் பாவம், அவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள், உங்கள் காலை போய்விடும்.

ஒரு நேரத்தில் ஒரு உறையை மட்டும் வெளியே எடுங்கள், காகித வரிசையை மாற்றாதீர்கள். படம் எடுக்கலாமா என்று மேசையில் கேட்டுவிட்டு, கேமராவின் ஃபிளாஷை அணைத்து எடுங்கள். ஒவ்வொரு உறைக்கும் முதல் படமாக உறையின் தலைப்பை எடுப்பது முக்கியம். நான் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் எண்பது படங்கள், எது எந்த உறை என்று தெரியவில்லை. மறுபடி ஒரு நாள் விடுப்பு.

9. 1868-க்குப் பிறகு என்றால்

அந்த ஆண்டு பழைய கவுன்டி நீதிமன்றம் ஒழிந்து, இந்த வேலையெல்லாம் சுப்பீரியர் நீதிமன்றக் குமாஸ்தாவிடம் போனது. மைனர் நிலத்தை விற்க அனுமதி, பாகப்பிரிவினை போன்றவற்றைச் ‘சிறப்பு நடவடிக்கை’ என்ற தலைப்பில் தேடுங்கள். பழையவற்றில் பெரும்பகுதி ராலேக்கு வந்துவிட்டது. பிற்காலத்தவை கவுன்டி நீதிமன்றத்திலேயே இருக்கும்.

அங்கே நான் வாங்கிய நகலுக்கு முதல் பக்கம் 2 டாலர், அடுத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் 25 சென்ட். ஒன்பது பக்கத்துக்கு 4 டாலர் ஆயிற்று. முத்திரை வைத்த சான்று நகல் கேட்டால் கூடுதல் கட்டணம். சொந்தத் தேடலுக்கு அது தேவையே இல்லை, கேட்காதீர்கள். ஒரு அலுவலகத்துக்குத் தபாலில் எழுதினேன், மூன்று வாரம் கழித்து ‘வருடத்தைக் குறிப்பிடவும்’ என்று ஒரு வரி வந்தது. நேரில் போனபோது அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மட்டும் போகாதீர்கள்.